நெஷ்கா திருகிய குமிழ்

மிஞ்செவ்ட்ஸியில் ஆளில்லாத அறையில் விளக்கெரிந்தால், அவ்வழியே போகிறவர் அந்த வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே நடப்பார். கப்ரோவோ நகருக்கு மேலே மலைச்சரிவில் பதினேழு கூரைகளாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஊரில், சிக்கனம் என்பது ஒழுக்கத்துக்கு இன்னொரு பெயர். ஒரு தீக்குச்சியைக் கிழித்தால் அதில் இரண்டு வேலையாவது நடக்க வேண்டும். நெஷ்கா அந்த ஊரில் பிறந்தவள். அவள் கணவன் பென்யோ அடுத்த சரிவில் பிறந்தவன். ஒருவரையொருவர் ஊதாரி என்று திட்டிக்கொள்ள முப்பத்தைந்து ஆண்டுகளாக இருவருக்கும் விஷயம் குறைந்ததில்லை.

ஜூலை மாதத்து அந்த வியாழக்கிழமை அவர்களுக்குத் திட்டிக்கொள்ளக்கூட நேரமில்லை. நெஷ்காவின் பாலாடைக்கட்டிக் கொட்டிலில் மூன்று நாளாகப் பம்பு நின்றுபோயிருந்தது. தொட்டியிலிருந்து ஆட்டுப்பாலை உறிஞ்சி, சூடாக்கும் தகடுகள் வழியே அண்டாவுக்குத் தள்ளுகிற பம்பு அது. அந்தக் காலத்துக் கூட்டுப்பண்ணையைக் கலைத்தபோது வாங்கி வந்தது. செவ்வாய்க்கிழமை அதன் முன்மூடி, குழாய் பூட்டுகிற கழுத்தோடு சேர்ந்து விரிசல் விட்டது. அந்த அளவில் இப்போது யாரும் செய்வதில்லை; வெளியூரில் சொல்லிவைத்துச் செய்வித்தால் பத்து நாளாகும். முதல் நாள் பாலை அவள் வாளி வாளியாகச் சுமந்து கொப்பரையில் காய்ச்சினாள்; அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் பால் வெயிலில் தொட்டியிலேயே புளித்துப் பக்கத்து வீட்டுப் பன்றிகளுக்குப் போயிற்று.

அவளுக்குப் பால் தருகிறவன் வில்கோ ஒருவன்தான். அவனும் அவன் தம்பிகளும் மேய்க்கிற நூற்றைம்பது ஆடுகளை நம்பித்தான் அந்தக் கொட்டில் இருந்தது. அன்று காலை அவன் தொலைபேசியில் அழைத்திருந்தான்.

"நெஷ்கா அக்கா, உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா ஆடு பம்புக்காகக் காத்திருக்காது. மடி நிறைஞ்சா கறந்துதான் ஆகணும்."

"தெரியும்டா."

"பெரிய பண்ணையோட லாரி கீழ்ப்பாலத்துல ஏழு மணி வரைக்கும் நிக்குது. ஒரு நாளைக்கு மட்டும் குடுக்கறேன்னா வாங்க மாட்டான். குடுத்தா வருஷம் பூரா குடுக்கணும்னு கையெழுத்து கேக்குறான்."

"சாயங்காலம் ஆறு மணிக்குக் கொண்டு வா. பம்பு ஓடும்."

"ஓடலன்னா?"

"ஓடலன்னா போய்க் கையெழுத்துப் போட்டுக்க."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் தன் வாக்கு யாரை நம்பி இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால், முன்பு கார் நின்ற இடத்தில், பென்யோ நான்கு குளிர்காலங்களைச் செலவிட்டுக் கட்டியிருந்த இயந்திரத்தை நம்பி இருந்தது. அதை அவள் அவனுடைய இரண்டாவது சம்சாரம் என்பாள். "அவளாவது சொன்ன பேச்சைக் கேக்குறா" என்பான் அவன்.

பளுதூக்கும் இயந்திரங்கள் செய்கிற ஆலையில் முப்பது ஆண்டு லேத் ஓட்டியவன் பென்யோ. ஒரு பள்ளிப் பட்டறை கழித்துப்போட்ட சின்ன லேத்தை வாங்கி, அதைக் கணினி சொல்கிறபடி நடக்கப் பழக்கியிருந்தான். சாதாரண மோட்டார் சுற்றும், நிற்கும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பென்யோவின் லேத்தில் ஸ்பிண்டில் என்கிற சுழல்தண்டைச் சுழற்றியதோ, நூல் ஆலை ஒன்று கழித்த சர்வோ மோட்டார். தான் எத்தனை சுற்று சுற்றியிருக்கிறோம், இந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்பது அதற்கு எப்போதும் தெரியும். கணினி கேட்டால் சொல்லும். நில் என்றால் அந்தக் கோணத்திலேயே நிற்கும். அந்தத் தண்டின் முனையில் கட்டையைக் கவ்விப் பிடிக்கிற 'சக்'கைக் கையால் திருப்பப் பார்த்தால், உறங்குகிற நாயைத் தொட்டதுபோல் உறுமிக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும்.

மூன்று நாளில் பென்யோ எவர்சில்வர் கட்டை ஒன்றிலிருந்து புது மூடியைக் கடைந்திருந்தான். அவனிடம் இருந்தது அந்த ஒரு கட்டைதான். வியாழன் மதியம் மீதமிருந்தது கழுத்தின் வெளிப்புறத்தில் மரை வெட்டுவது மட்டும். பால் குழாய்க்கான மரை கூராக இருக்காது. அழுக்குத் தங்காதபடி அலைபோல் உருண்டிருக்கும். அதைக் கையால் வெட்டும் கருவி அவனிடம் இல்லை. உருண்ட முனையுள்ள உளியால், ஒரே பள்ளத்தில் முப்பது முறை போய்வந்து, ஒவ்வொரு முறையும் தலைமுடி அளவு ஆழமாக்க வேண்டும். முப்பது முறையும் உளி அதே கோணத்தில் நுழைய வேண்டும். ஒரு முறை தவறினால் பள்ளத்தின் மேல் இன்னொரு பள்ளம் விழும். கட்டை வெறும் இரும்பாகும்.

கோணம் தவறாதிருக்க, ஆலையில் பழகிய முறையையே பென்யோ இயந்திரத்துக்கும் சொல்லிக்கொடுத்திருந்தான். அங்குலக் கணக்கு மரையை மில்லிமீட்டர்க் கணக்கு லேத்தில் வெட்டும்போது அவர்கள் உளியை, அதை நகர்த்துகிற மரைத்தண்டிலிருந்து விடுவிக்க மாட்டார்கள். ஸ்பிண்டிலையே நிறுத்தி, பின்னால் சுற்றவைத்து, வந்த வழியே உளியைத் திருப்பிக் கொண்டுபோவார்கள். அப்படித்தான் இங்கும். சக் முன்னால் சுழலும். உளி அதன் சுழற்சியைப் பார்த்துப் பார்த்து நகரும். கழுத்து மூடியோடு சேரும் தோள் வந்ததும் சக் பிரேக் பிடித்து நிற்கும். பின்னால் சுழன்று திரும்பும்.

மூன்றரை மணிக்கு நெஷ்கா தட்டோடு பட்டறைக்குள் நுழைந்தபோது பதினெட்டாவது ஓட்டம் முடிந்திருந்தது. வெளியே காற்று அசையவில்லை. மேற்கே மலைமுகட்டில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

"சாப்பிடு. காலையிலருந்து ஒண்ணும் திங்கல."

"வெச்சிட்டுப் போ. கண்ணெடுக்க முடியாது."

"அதான் கம்ப்யூட்டர் பாத்துக்குதே. நீ என்னத்தப் பாக்குற?"

"கம்ப்யூட்டரப் பாத்துக்கறேன்."

வெள்ளரியும் வால்நட்டும் போட்ட தராத்தோர் என்னும் தயிர்ச் சூப்புக் கிண்ணமும் ரொட்டியும் இருந்த தட்டை வைக்க அவள் இடம் தேடினாள். மேசையெங்கும் இரும்புச் சுருள். மேசைக்கடியில், அவர்கள் கல்யாணத்துக்கு வந்த பழைய ஒற்றைத்தட்டு மின்னடுப்பு இருந்தது. இது எப்போது இங்கே வந்தது என்று நினைத்துக்கொண்டே தட்டை அதன்மேல் வைக்கக் குனிந்தாள். அடுப்பின் குமிழ் மூன்றில் நின்றது. மேலே பாத்திரம் இல்லாமல், சமைக்க ஆளில்லாமல், மூன்றில்! அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக வாசலைத் தாண்டும் முன் விளக்கணைத்த கை அது. தானாகப் போய்க் குமிழைத் திருகி அணைத்தது.

பத்தொன்பதாவது ஓட்டம் தொடங்கியது. உளி முனகியபடி தோளை நெருங்கியது. சக் பிரேக் பிடிக்க வேண்டிய கணத்தில், மின்பெட்டிக்குள் 'டக்' என்றொரு சத்தம். பெட்டியின் சின்னத் திரையில் சிவப்பு எழுத்துகள் துடித்தன. மோட்டார் பிடியை விட்டுவிட்டது. பிடிக்க ஆளற்ற சக் தன் பாட்டுக்குச் சுழன்றது. அதன் சுழற்சியைப் பார்த்தே நகரப் பழகிய உளி, விசுவாசமாக அதன் பின்னாலேயே போய்த் தோளில் மோதியது. பென்யோ சிவப்புப் பொத்தானைக் குத்தியபோது உளியின் முனை உடைந்து தரையில் துள்ளியது.



"என்னாச்சு?" என்றாள் நெஷ்கா.

பென்யோ திரையைப் படித்தான். பிறகு மேசைக்கடியில் குனிந்து பார்த்தான். குமிழைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"அடுப்ப அணைச்சியா?"

"சும்மா கெடந்துச்சு. மேல ஒண்ணுமே இல்ல."

"அது அடுப்பு இல்லடி!"

"அடுப்பு இல்லாம? எங்க சித்தி குடுத்தது. எனக்குத் தெரியாதா?"

அவன் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். "ஓடுற சக்கைப் புடிச்சு நிறுத்துனா, அந்த ஓட்டம் எங்கயாவது போகணும்ல? மோட்டாருக்குள்ள கரண்டா திரும்பி வருது. அதத் தின்னு தீக்கறதுக்கு ஒரு கம்பிச்சுருள் வேணும். கடையில புதுசு வாங்காம உன் சித்தியோட அடுப்ப மாட்டினேன். நீ அணைச்சதும் கரண்டுக்குப் போக வழியில்ல. பெட்டி பயந்து மோட்டார விட்டுடுச்சு."

"அப்ப அந்தக் குமிழ வெட்டிப் போட்டுட்டு ஒயர நேரா முறுக்கிவெக்க வேண்டியதுதானே?"

"நாளைக்கு அடுப்பா உபயோகமாகும்ல. வெட்டிக் கெடுப்பானேன்னு..." பென்யோ பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அந்த ஊரில் ஒரு கதை உண்டு: பீவர் என்னும் நீரெலி ஒன்று ஓடைக்குக் குறுக்கே அணை கட்டியது. ஒரு சொட்டும் வீணாகக் கூடாதென்று வழிந்தோடும் வாயையும் அடைத்தது. அதன் மனைவி, அடைத்தது போதாதென்று மேலும் ஒரு கூடை மண் போட்டாள். மழை வந்த அன்று அணையும் வளையும் சேர்ந்து போயின. ஆளுக்கொரு மரக்கட்டையில் மிதந்தபடி இருவரும், யார் போட்ட மண் அதிகம் என்று வழக்காடினார்கள். பென்யோவும் நெஷ்காவும் அன்று வழக்காடவில்லை. கொட்டிலின் சுவரில் மாட்டிய கடிகாரம் திறந்த கதவு வழியே தெரிந்தது. நான்கு ஆகப்போகிறது.

"மூடி போச்சா?" என்று நெஷ்கா மெல்லக் கேட்டாள்.

பென்யோ துணியால் துடைத்துப் பார்த்தான். தோளில் ஒரு வடு. அங்கே பால் படாது. மரை பாதி ஆழத்தில் பழுதில்லாமல் இருந்தது. ஆனால் மோதிய வேகத்தில் மூடி சக்கின் தாடைகளுக்குள் கொஞ்சம் திரும்பியிருந்தது. அடையாளத்துக்காக மூடியில் முன்பே போட்டிருந்த பேனாக் கோடு, தாடையின் விளிம்பிலிருந்து அரிசியகலம் விலகி நின்றது.

"சர்வோவுக்குத் தன் கோணம் இன்னும் தெரியும்" என்றான். "ஆனா மூடி எங்க நிக்குதுன்னு அதுக்குத் தெரியாது. அது பழைய எடம்னு நெனச்சு வெட்டும். பள்ளத்துக்குப் பக்கத்துல இன்னொரு பள்ளம் விழும்."

"அப்ப எவ்வளவு திரும்பிச்சுன்னு பாத்து அதுக்குச் சொல்லு."

"யாரு பாக்கறது? என் கண்ணுக்கு உளி முனையே ரெண்டா தெரியுது. வர்ற மாசம் ஆபரேஷன்."

"என் கண்ணு என்ன கோழிக்கா இருக்கு? நகரு."

அவன் முதலில் குமிழை மூன்றுக்குத் திருப்பிவிட்டு, வேறோர் உளியை எடுத்துச் சாணைக்கல்லில் தீட்டினான். தகரத்தில் வெட்டிய அச்சைப் பழைய மரையில் வைத்துப் பார்ப்பதும், உளியில் வைத்துப் பார்ப்பதும், மீண்டும் தீட்டுவதுமாக அரைமணி போயிற்று. முதல் இடி வெகு தூரத்தில் உருண்டது. மிஞ்செவ்ட்ஸியில் மழைக்கு முன்னால் மின்சாரம் போகும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். நெஷ்கா ஒவ்வோர் இடிக்கும் விளக்கை அண்ணாந்து பார்த்தாள்.

புது உளியைப் பூட்டி, கட்டையைத் தொடாத தூரத்தில் அதை நிறுத்தி, ஸ்பிண்டிலை மிக மெதுவாகச் சுழலவிட்டான். உளி காற்றில் மரையைப் பின்தொடர்ந்தது. பாதி வழியில் நிறுத்தினான். சர்வோ சக்கைப் பிடித்துக்கொண்டது. பென்யோ உளியைக் கையால் உருட்டிப் பள்ளத்தின் வாய்க்கு அருகே கொண்டுவந்தான்.

நெஷ்கா பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக் குனிந்தாள். பின்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடிக்கச் சொன்னாள். பால் திரியும்போது முதல் நூலிழையைக் கண்டுபிடிக்கிற கண் அது. தெளிவில் அசைகிற எதையும் தவறவிடாது.

"இடப்பக்கம் ஒட்டுது. வலப்பக்கம் வெளிச்சம் நெறைய தெரியுது."

"எவ்வளவு?"

"நெறைய. ரொட்டித் துணுக்கு அளவு."

பென்யோ எண்ணைத் தட்டினான். ஸ்பிண்டில் பின்னால் போய் மறுபடி வந்து நின்றது.

"இப்ப?"

"இன்னும் இடப்பக்கந்தான். ஒரு முடி."

"முடின்னா எது? உன் முடியா, ஆட்டு முடியா?"

"வித்தியாசமா?"

"உன் முடின்னா ஒரு மில்லிமீட்டர்ல நூறுல ஏழு பங்கு. ஆட்டு ரோமம்னா மூணு."

"என் முடி. ஆனா நரைச்சது."

"நரைச்சது கொஞ்சம் தடிமன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் எட்டு என்று தட்டினான். அந்த மூன்று நாளில் அவர்கள் பேசியதில் சிரிப்புக்கு மிக அருகில் வந்த பேச்சு அதுதான்.

"இப்ப?"

"ரெண்டு பக்கமும் வெளிச்சம். ஒரே மாதிரி."

"சத்தியமா?"

"ஏன்யா, நான் உங்கிட்ட எப்பவாவது குறைச்சு அளந்திருக்கேனா?"

"கல்யாணத்துலருந்து கிண்ணத்துல சூப்ப அப்படித்தான் அளக்குற."

மீண்டும் ஓட்டம் தொடங்கியது. பத்தொன்பது. இருபது. உளி பள்ளத்துக்குள் போனபோது சத்தம் மாறவில்லை. இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் சுருள் வந்தது. பென்யோ முகத்து வேர்வையை வழித்துக்கொண்டான். நெஷ்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். எதையும் தொட அவளுக்குப் பயமாக இருந்தது.

ஐந்தேகாலுக்கு வாசலில் டெம்போ சத்தம். வில்கோ மழைக்குப் பயந்து சீக்கிரம் வந்துவிட்டான். பட்டறைக் கதவில் சாய்ந்து நின்றான். அவன் சட்டையில் ஆட்டு வாடையும் வேர்வை வாடையும் அடித்தன.

"பென்யோ அண்ணே, இது என்ன, வாஷிங் மெஷினா? முன்னால சுத்துது, பின்னால சுத்துது."

"உன்னையும் உள்ள போட்டா வெளுத்து எடுக்கும். தள்ளி நில்லு."

"கேன் வண்டியிலேயே புழுங்குது, அக்கா. நூத்தி எண்பது லிட்டர். லாரிக்காரன் வழியில பாத்தான். எறங்கி வந்து பேனாவ நீட்டுறான்."

"ஆறு மணின்னுதானே சொன்னேன்?"

"மேகத்தப் பாருங்க. பாலத்துல தண்ணி வந்துட்டா நான் இந்தப் பக்கமும் இல்ல, அந்தப் பக்கமும் இல்ல. கால்மணி நேரம் நிக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாது."

"கேன கொட்டில் நிழல்ல எறக்கி வை. ஈரச்சாக்குப் போடு" என்றாள் நெஷ்கா. அவன் போனான், ஆனால் கேன்களை இறக்குகிற சத்தம் கேட்கவில்லை.

முப்பதாவது ஓட்டம் முடிந்தது. பென்யோ, குழாயை மூடியோடு பூட்டுகிற பழைய திருகுவளையத்தை எடுத்துக் கழுத்தில் சுற்றினான். ஒரு சுற்று போயிற்று. இரண்டாவது பாதியில் நின்றது. திருப்பி எடுத்து, எண்ணெய் தடவி மறுபடி முயன்றான். அதே இடத்தில் நின்றது.

"போதும்" என்றான் பென்யோ. அவன் குரல் தேய்ந்திருந்தது. "ஒண்ணரைச் சுத்து புடிக்குது. ரப்பர் வளையம் வெச்சு இறுக்கிடலாம்."

"பம்பு தள்ளுற தள்ளுக்கு ஒண்ணரைச் சுத்து நிக்குமா?"

"நிக்கலாம்."

"நிக்குமா?"

பென்யோ வளையத்தைக் கழற்றிக் கையில் வைத்துத் துடைத்தான். இடி இப்போது கூரைக்கு மேலேயே விழுந்தது. விளக்கு ஒரு கணம் மங்கி மறுபடி ஒளிர்ந்தது. மின்பெட்டி கிர்ரென்றது.

"இன்னொரு ஓட்டம் விட்டா என்ன ஆகும்?" என்று அவள் கேட்டாள்.

"சரியா போகும். இல்லன்னா நடுவுல கரண்டு போகும். போனா உளி உள்ள நிக்கும், சக் தன் பாட்டுக்குச் சுத்தும், மூடி போகும். இருக்கிற ஒண்ணரைச் சுத்தும் போகும். என் கை வரல, நெஷ்கா. ஒரு தடவை போச்சுன்னு நெனச்சது திரும்பி வந்திருக்கு. மறுபடி அதக் கொண்டுபோய்ப் பந்தயத்துல வெக்க எனக்குத் தெம்பில்ல."

அவள் வளையத்தை அவன் கையிலிருந்து வாங்கிக் கழுத்தில் சுற்றினாள். நின்ற இடத்தில் வளையத்தை மெல்ல ஆட்டிப் பார்த்தாள். பாலாடைக்கட்டியின் இறுக்கத்தை விரலால் அழுத்திப் பார்க்கிறவள். ஆட்டத்தில் ஒரு துளிகூடத் தளர்வில்லை. பள்ளம் இடம் மாறியிருந்தால் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் ஆடும். இது சுற்றிலும் ஒரே மாதிரி இறுகியது.

"கோணல் இல்ல, பென்யோ. ஆழந்தான் பத்தல. எவ்வளவு போடணும்?"

"நாலு போடலாம். நூறுல நாலு."

"அஞ்சு போடு. எந்தப் பொத்தான்?"

"பச்சை."

பென்யோ எண்ணைத் தட்டிவிட்டு விலகினான். நெஷ்கா வெளியே பார்த்தாள். மின்னல் அடித்தது. அடித்த இடிக்கும் அடுத்த இடிக்கும் எவ்வளவு இடைவெளி என்று அவள் சற்று நேரமாகவே மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள், இருபதுக்குக் குறைந்ததில்லை. ஓட்டத்துக்கு ஒன்பது போதும். இடி விழுந்து, விளக்கு நடுங்கி, நிலைத்தது. அவள் பச்சையை அழுத்தினாள்.

சக் சுழன்றது. உளி நுழைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் உதடு அசைந்தது. மெல்லிய வெள்ளிச் சுருள் ஒன்று அறுபடாமல் வளைந்து வளைந்து வந்தது. ஐந்தில் தோள். சக் நின்றது, ஒரு கணம் யாரையோ கேட்பதுபோல் நின்று, பின்னால் சுழலத் தொடங்கியது. எட்டு. ஒன்பது. உளி வெளியே வந்து நின்றது. பதினாறாவது எண்ணில் இடி விழுந்து ஊரே இருண்டது.

இருட்டில் பென்யோ வளையத்தைச் சுற்றினான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தோளில் மெத்தென்று போய் உட்கார்ந்தது.

"வில்கோ! கேன எறக்கு!" என்று நெஷ்கா கத்தினாள்.

"கரண்டே இல்லையே அக்கா!"

"மழை நின்னா வரும். பால் ஏழு மணி வரைக்கும் தாங்கும். எறக்குடா!"

மழை கூரையை அடித்துத் துவைத்தது. கொட்டிலில் அரிக்கேன் வெளிச்சத்தில் பென்யோ மூடியைப் பூட்டினான். நெஷ்கா கேன்களின் மேல் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள். வில்கோ தன் கைத்தொலைபேசியை எடுத்து நேரம் பார்ப்பதும், கீழ்ப்பாலத்துப் பக்கம் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தான். ஆறே முக்காலுக்கு விளக்கு வந்தது. நெஷ்கா விசையைத் தட்டினாள்.

பம்பு இருமியது, காற்றைத் துப்பியது, பிறகு அடித்தொண்டையில் ஒரே சீராக முனகத் தொடங்கியது. கண்ணாடிக் குழாயில் பால் வெள்ளையாக ஏறி வந்தது. நெஷ்கா குனிந்து, மூடியின் கழுத்தில் வளையம் இறுகிய இடத்தைச் சுற்றிச் சுட்டுவிரலை ஒரு முழுச்சுற்று ஓட்டினாள். விரலை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உலர்ந்திருந்தது.

பென்யோ காலி வாளி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான்.

வில்கோ தொண்டையைச் செருமினான். "அப்ப நாளைக்கு, அக்கா?"

"நாளைக்கும் ஆறு மணிதான்" என்றாள் நெஷ்கா. "இன்னைக்கு மாதிரி அஞ்சேகாலுக்கு வந்து உயிர எடுக்காத."